வீட்டில் மிச்சமான மருந்தை வாங்க முடியாதவர்களுக்குக் கொடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வீட்டுப் பெரியவர் ஒருவர் நீண்ட நாள் படுக்கையில் இருந்து காலமாகிவிட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், கடைசியில் புற்றுநோய் என்று வாங்கிய மருந்துகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன, பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை, சிலவற்றின் விலை தலையைச் சுற்ற வைக்கும், குப்பையில் போட மனசு வரவில்லை. வாங்க வசதி இல்லாத யாருக்காவது கொடுக்கலாமா, கொடுத்தால் யாரிடம்?

சரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், அதுவும் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால், ஒரு மருந்தாளுநரின் கை வழியாக மட்டும். மிச்சத்தை அழிக்கத்தான் வேண்டும். நோயாளியைத் தேடிப்போய் நீங்களே நேராகக் கொடுப்பதை மட்டும் எந்த மருந்துக்கும் செய்யாதீர்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாகும்.

நான் மருந்தாளுநர். இலவச மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில், நன்கொடையாக வரும் பைகளைப் பிரித்துப் பார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேசைக்கு வருவது எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பாதி குடித்த இருமல் சிரப், பேர் தெரியும் பக்கம் கத்தரித்துப் போன அட்டை, ஒரே டப்பாவில் கொட்டிவைத்த நாலு நிற மாத்திரைகள், மூடி திறந்த கண் சொட்டு மருந்து, காலாவதி ஆகி ரொம்ப நாளான சத்து மாத்திரை. நல்ல எண்ணத்தோடுதான் எல்லோரும் கொண்டுவருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பையில் இருந்து நோயாளிக்குப் போகக்கூடியது ஒரு கையளவு தேறினால் அது நல்ல பை. மீதியைப் பிரித்து, எழுதி, அழிப்பதற்கு அனுப்புவதற்குள் அந்த மருத்துவமனையின் நேரமும் பணமும் போய்விடும். தானம் என்று வந்தது செலவாக முடியும்.

இதில் அடிப்படையான சிக்கல் ஒன்றுதான். ஒரு மாத்திரையைப் பார்த்து அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அது எந்த வழியாக வந்தது, எங்கே இருந்தது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். தொழிற்சாலையில் இருந்து மருந்துக்கடை வரை ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பெட்டி எந்த வெப்பத்தில் இருந்தது என்பதற்கு யாராவது ஒருவர் பொறுப்பு. உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிய நிமிஷத்தில் அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. குளியலறை அலமாரியின் ஈரத்தில் இருந்ததா, வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மதியம் கிடந்ததா, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததா, உங்களுக்கே முழுசாகத் தெரியாது. ஆஸ்பிரின் மாதிரி ஒன்றிரண்டுதான் கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும், ஈரம் பட்டால் சிதைந்து காடி வாடை வரும். மற்றவை அப்படி இல்லை. உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு எப்போதும் போலவே இருக்கக்கூடும், வேலை செய்யாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அதன் கண்ணாடிக் குப்பியில் இருந்து வேறு டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும், மாத்திரையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதுதான் தெரியும்.

இன்னொரு காரணம் பேட்ச் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரித்த மருந்துக்கெல்லாம் கம்பெனி போடும் ஒரே எண். இதைப் பற்றிப் பொதுவாக யாரும் யோசிப்பதில்லை. 2018-இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயை உண்டாக்கலாம் என்று கருதப்படும் கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டுப் பல நாடுகளில் குறிப்பிட்ட தயாரிப்புகளைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்து அதே கலப்படம் ரானிடிடின் என்ற வயிற்றுப் புண் மாத்திரையில் வந்தது, 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை மொத்தமாகவே சந்தையில் இருந்து எடுக்கச் சொன்னது. ரானிடிடின் எத்தனை வீட்டு அலமாரியில் இன்னும் கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கடையில் இருக்கும் மருந்தைத் திரும்பப் பெறலாம், எங்கே இருக்கிறது என்று கணக்கு உண்டு. கத்தரித்துக் கொடுத்த அரை அட்டையில் பேட்ச் நம்பரும் இருக்காது, காலாவதி தேதியும் இருக்காது, சில சமயம் பாதிப் பேர்தான் இருக்கும். அதை என்னவென்று வைத்துக்கொள்வது? போலி மருந்தும் இந்த வழியில்தான் நுழையப் பார்க்கும். வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் புழங்கும் மருத்துவப் பொருட்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று தரம் குறைந்தது அல்லது போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளும் இடம் அப்படிப்பட்டவற்றுக்குத் திறந்த கதவு.

காலாவதி தேதி பற்றியும் கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள், "அதெல்லாம் கம்பெனிக்காரன் விற்பனைக்காகப் போடுவது, அமெரிக்க ராணுவமே காலாவதியான மருந்தைப் பயன்படுத்துகிறது" என்று. அதில் பாதி உண்மை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் எஃப்டிஏவும் சேர்ந்து 1986 முதல் ஒரு திட்டம் நடத்துகின்றன, சேமிப்புக் கிடங்கில் இருக்கும் மருந்துகளைப் பரிசோதித்து ஆயுளை நீட்டிக்கிறார்கள். 2006-இல் வெளிவந்த கணக்கில் 122 மருந்துகளின் சுமார் 3,000 தொகுப்புகளைப் பார்த்ததில் 88 சதவீதத்தின் ஆயுளை, அச்சிட்ட தேதியைத் தாண்டி ஒரு வருடமாவது நீட்டிக்க முடிந்தது. ஆனால் அவை பிரிக்காத மூலப் பெட்டியில், கட்டுப்படுத்திய வெப்பத்தில் இருந்தவை, ஒவ்வொரு தொகுப்பையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் நீட்டித்தார்கள். ஒரே மருந்தின் வெவ்வேறு தொகுப்புகள்கூட வெவ்வேறு மாதிரி நடந்துகொண்டன. உங்கள் வீட்டுப் பெட்டிக்கு அந்த ஆய்வகம் கிடையாது. அதனால் தேதி தாண்டியது தாண்டியதுதான். உங்களுக்குத் தலைவலி வந்தால் போன மாதம் காலாவதியான மாத்திரையைப் போட்டுக்கொள்வது உங்கள் முடிவு. அதை வேறொருவருக்கு "தானம்" என்று கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நான் கொஞ்சம் கறாராகப் பேசுவது போலத் தெரியலாம். இதற்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. 1988-இல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது உலகம் முழுவதிலும் இருந்து குறைந்தது 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருட்களும் வந்து குவிந்தன. பிரித்து அடையாளம் காண 50 பேர் ஆறு மாதம் வேலை செய்தார்கள். எளிதாக அடையாளம் காண முடிந்தது 30 சதவீதம்தான், அந்தச் சூழலுக்கு உகந்ததும் பாதிக்கும் குறைவுதான். எரித்திரியாவுக்கு அதன் விடுதலைப் போர் நடந்தபோது ஏழு லாரி காலாவதியான ஆஸ்பிரின் போனது, எரித்து முடிக்க ஆறு மாதம் ஆனது. 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்குப் போன மருந்துகளில் பாதிக்கு மேல் பயன்படாதவை, சுமார் 17,000 டன் குப்பை அந்த நாட்டின் தலையில் விழுந்தது என்று 1997-இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் மதிப்பிட்டிருந்தார்கள். யுத்தத்தில் நொந்துபோயிருந்த நாடு அதை அழிக்கப் பணத்துக்கு எங்கே போகும்?

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது லிதுவேனியா. 1993-இல் அங்கே பதினோரு பெண்களுக்குத் தற்காலிகமாகக் கண்பார்வை போனது. அவர்களுக்குக் கருப்பை அழற்சி என்று கொடுத்த மருந்து குளோசான்டெல், நன்கொடையாக வந்தது. அது ஆடுமாடுகளுக்கான பூச்சி மருந்து. விவரத்தாள் எதுவும் கூட வராததால், பேரை வேறு மருந்துகளின் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்து இதுவாக இருக்கும் என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. கையில் மருந்தே இல்லாத இடத்தில் ஒரு பெட்டி வந்தால் யாரும் அதைத் தூக்கி எறிய மாட்டார்கள்.

இப்படிப் பட்டபிறகுதான் உலக சுகாதார நிறுவனம் 1996-இல் மருந்து நன்கொடைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது, பிறகு திருத்தவும் செய்தது. பெறுபவர் கேட்காத மருந்தை அனுப்பாதே, பெறும் நாட்டுக்குப் போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுளாவது இருக்கட்டும், அங்கே இருப்பவர்களுக்குப் புரியும் மொழியில், மருந்தின் பொதுப்பெயரோடு (கம்பெனி வைத்த பேர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பேர்) லேபிள் இருக்கட்டும், நோயாளிக்கு ஒருமுறை கொடுத்துத் திரும்பி வந்ததை அனுப்பாதே, மருத்துவர்களுக்கு இலவச சாம்பிளாக வந்ததையும் அனுப்பாதே. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கொள்கை, தரத்தில் இரட்டை அளவுகோல் கூடாது என்பது. உன் நாட்டில் உன் நோயாளிக்குக் கொடுக்கத் தகுதி இல்லாதது இன்னொரு நாட்டு ஏழைக்கும் தகுதி இல்லை. இவை நாடு விட்டு நாடு போகும் மருந்துக்காக எழுதியவை. உள்ளூரில் கொடுப்பதற்கும் அந்தக் கடைசிக் கொள்கை அப்படியே பொருந்தும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது, இதை முதலில் விசாரியுங்கள். பிரான்ஸில் மக்கள் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுப்பதைச் சேகரிக்கும் சிக்லாமெட் என்ற அமைப்பு 1993-இலேயே தொடங்கியது, ஒரு காலத்தில் அப்படித் திரும்பியதில் நல்லதை வெளிநாட்டு உதவிக்கு அனுப்பினார்கள். பிறகு சட்டம் போட்டு அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது வருவது முழுக்க எரிப்பதற்கே போகிறது. அமெரிக்கா இதற்கு நேர் எதிர். ஜார்ஜியா மாநிலம் 1997-இல் முதலில் சட்டம் கொண்டுவந்தது, இன்று பெரும்பாலான மாநிலங்களில் ஏதாவது ஒரு சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டம் இருக்கும் எல்லா இடத்திலும் திட்டம் நடப்பதில்லை. நன்றாக நடப்பவற்றில் ஒன்று அயோவா மாநிலத்தின் சேஃப்நெட் ஆர்எக்ஸ், 2007-இல் இருந்து இயங்குகிறது. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு முதியோர் பராமரிப்பு இல்லங்கள் முக்கியமான ஊற்று. காரணம் எளிது, அங்கே மருந்தைப் பூட்டி வைத்துக் கையாள்பவர்கள் பயிற்சி பெற்றவர்கள், எங்கே இருந்தது என்று சொல்ல ஆள் உண்டு.

நெதர்லாந்தில் வீட்டுக்குப் போன மருந்துக்கே அந்த ஆளை உண்டாக்க முயன்றார்கள். நான்கு மருத்துவமனைகளில், புற்றுநோய் மாத்திரைகளை முத்திரையிட்ட பையில், வெப்பத்தைப் பதிவுசெய்யும் சிறு கருவியோடு நோயாளிக்குக் கொடுத்தார்கள். மருந்து மாறினாலோ நோயாளி இறந்தாலோ பிரிக்காத பையைத் திருப்பிக் கொடுக்கலாம், மருந்தாளுநர் பதிவைப் பார்த்துத் தகுதியானதை அடுத்தவருக்குக் கொடுப்பார். 2023-இல் முடிவுகள் வெளிவந்தன, திரும்பி வந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மறுபடி கொடுக்க முடிந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் போக வேண்டிய பாதை இதுதான். விலை உயர்ந்த மருந்துக்காவது, கொடுக்கும்போதே திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். வந்தபிறகு நாங்கள் உட்கார்ந்து யூகிப்பதால் என்ன பயன்?

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். ஒரு மேசையில் கொட்டுங்கள். பிரிக்காத அட்டைப் பெட்டி, அல்லது முழு அட்டை, ஒரு குழிகூட உடையாதது, பேரும் அளவும் பேட்ச் நம்பரும் தேதியும் தெளிவாகத் தெரிவது, காலாவதிக்கு ஆறு மாதமாவது இருப்பது, சாதாரண அறை வெப்பத்தில் வைக்கக்கூடியது. இந்த எல்லா நிபந்தனையும் தாண்டியதை ஒரு பக்கம் வையுங்கள். அமெரிக்கத் திட்டங்கள் பலவும் கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்கின்றன, நானும் இதைத்தான் பார்ப்பேன். நிபந்தனை தாண்டிய பிறகும் பெறுபவர் மறுக்கலாம், அது அவர் உரிமை. டப்பாவில் எண்ணிப் போட்டுக் கொடுத்த மாத்திரைகள் தேறாது. எவ்வளவு விலை என்றாலும் தேறாது.

ஃபிரிட்ஜில் இருந்ததை மொத்தமாக ஒதுக்குங்கள். இன்சுலின்தான் மனசை அதிகம் வாட்டும், ஏனென்றால் அது இல்லாமல் உயிர் போகிறவர்கள் உண்டு. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. வீட்டு ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் ஒரு வெப்பம், பின்சுவர்ப் பக்கம் ஒரு வெப்பம், மின்சாரம் போன இரவு இன்னொரு வெப்பம். வீரியம் போன இன்சுலினைப் போட்டுக்கொண்டவர் அளவு போதவில்லை என்று கூட்டுவார், அடுத்து நல்ல குப்பி கிடைத்ததும் அதே கூடுதல் அளவைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். முதல் குப்பி செய்யும் கெடுதல் அதோடு முடிவதில்லை.

திறந்த சிரப், கலக்கி வைத்த ஆன்டிபயாட்டிக் சிரப், திறந்த கண் சொட்டு மருந்து, பிதுக்கிய களிம்பு, வாய் வைத்த இன்ஹேலர், இவற்றுக்கு விளக்கமே தேவையில்லை. மிச்சமான நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரை யாருக்கும் சிகிச்சை ஆகாது, கிருமிக்குத்தான் பழக்கம் ஆகும். மார்ஃபின், கடும் வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை போன்றவை கட்டுப்பாட்டு மருந்துகள், வாங்கும் சீட்டில் இருந்து எல்லாவற்றுக்கும் தனிச் சட்டம், இன்னொருவருக்குக் கொடுத்தால் பல நாடுகளில் குற்றம். கர்ப்பிணிக்குப் போனால் குழந்தையைச் சிதைக்கும் தாலிடோமைட், ஐசோட்ரெட்டினாயின், வால்புரோயேட் பக்கமும் போகாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் இருந்தால் தனியாகக் கவனியுங்கள். மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒரு முறைதான் போடுவார்கள், தினமும் என்று நினைத்துப் போட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அது கைமாறவே கூடாது.

அடுத்தது எல்லோரும் கேட்பது. "எனக்குத் தெரிந்தவருக்கும் இதே புற்றுநோய், இதே மாத்திரைதான் எழுதியிருக்கிறார்கள், மாதம் வாங்க முடியாமல் தவிக்கிறார், அவருக்கு மட்டும் கொடுத்தால் என்ன?" இதற்கு மறுப்புச் சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை. ஆனால் கேப்சிடபைன் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அளவை உடலின் மேற்பரப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள், பொதுவாகப் பதினான்கு நாள் போட்டு ஏழு நாள் நிறுத்தும் சுழற்சி. சிலருக்கு அந்த மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும், அவர்களுக்குச் சாதாரண அளவே உயிருக்கு ஆபத்து. அதனால்தான் தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் பரிந்துரைத்தது. நோயின் பேர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகிவிடாது. உங்களுக்கு அவர் மேல் உண்மையிலேயே அக்கறை என்றால் பிரிக்காத பெட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய புற்றுநோய் மருத்துவமனையின் மருந்தகத்துக்கு அவரோடு சேர்ந்தே போங்கள். பெற்றுக்கொள்ள வழி இருந்தால் அவர்கள் பார்த்து, பதிவு செய்து, அவருடைய மருத்துவர் சரி என்றால் கொடுப்பார்கள். வழி இல்லை என்றால் அங்கேயே கேட்டு, மருந்து நிறுவனங்கள் வசதி இல்லாத நோயாளிகளுக்கு நடத்தும் உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பம் போட அவருக்கு உதவுங்கள். நோயோடு அலைபவரால் அந்தப் படிவங்களை நிரப்பி, சான்றுகள் சேர்த்து, பின்தொடர்ந்து கேட்க முடிவதில்லை. அதைச் செய்ய ஒரு ஆள் கிடைத்தால் அவருக்கு அது பெட்டியை விடப் பெரிய உதவி.

பலர் யோசிக்காத இன்னொன்று, தொடர்ச்சி. வசதி இல்லாதவருக்கு வரும் நோயில் பெரும்பகுதி மாதாமாதம் மருந்து கேட்கும் நோய். உங்கள் பெட்டியில் இருபது நாளுக்கு ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது, கொடுத்தீர்கள், இருபத்தோராம் நாள்? பீட்டா பிளாக்கர் வகையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி கிளம்பலாம், குளோனிடின் நிறுத்தினால் அழுத்தம் எகிறும், வலிப்பு மாத்திரை நின்றால் வலிப்பு வரும். ஒரு மருந்தகம் உங்கள் இருபது நாள் மாத்திரையைத் தன் இருப்போடு சேர்த்து, அந்த நோயாளிக்கு அடுத்த மாதமும் கொடுக்கும். அந்த ஏற்பாடு இருக்கும் இடத்துக்குக் கொடுத்தால்தான் பயன். வாசலில் பெட்டி வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் இடங்களும் இருக்கின்றன. தயவுசெய்து அங்கே போடாதீர்கள்.

சரி, யாரிடம்? முதலில் மருந்து வாங்கிய மருத்துவமனையின் மருந்தகம், வலிதணிப்பு சிகிச்சைக் குழு யாராவது வீட்டுக்கு வந்துகொண்டிருந்தால் அவர்கள், அப்புறம் இலவச மருத்துவமனைகள். கொண்டுபோகும் முன் ஃபோன் பண்ணுங்கள். மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை, காலாவதி மாதம், இந்த நான்கும் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஐந்து நிமிஷத்தில் எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம். நீங்களும் அவர்களைக் கேளுங்கள்: பிரித்துப் பார்க்க மருந்தாளுநர் இருக்கிறாரா, வந்ததைப் பதிவு செய்கிறீர்களா, மருந்துச் சீட்டு இல்லாமல் யாருக்காவது கொடுப்பீர்களா, தேறாததை என்ன செய்வீர்கள்? "எல்லாத்தையும் கொண்டுவாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று மட்டும் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். கொடுக்கும் முன் நோயாளியின் பேர் உள்ள லேபிளை மறையுங்கள், பேட்ச் நம்பரும் தேதியும் உள்ள இடத்தைத் தொடாதீர்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். துக்கத்தில் பெட்டியை மூடி வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்துத் திறப்பவர்கள் நிறைய, அதற்குள் நல்லதெல்லாம் காலாவதி ஆகியிருக்கும்.

மருந்து அல்லாதவற்றை மறக்காதீர்கள். சக்கர நாற்காலி, நடைச்சட்டம், காற்று மெத்தை, ஆக்சிஜன் இயந்திரம், பிரிக்காத கட்டுத்துணி, பெரியவர்களுக்கான டயப்பர், பிரிக்காத சிறுநீர்ப் பை, இவற்றை வாங்கத் தயங்கும் இடமே குறைவு, சட்டச் சிக்கலும் பெரிதாக இல்லை. உங்கள் வீட்டில் உள்ளதிலேயே இன்னொரு குடும்பத்துக்கு உடனே பயன்படக்கூடியது அநேகமாக இதுதான், ஆனால் கேள்வியில் மாத்திரையைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறீர்கள்.

தேறாததை அழிப்பது எப்படி? திரும்பப் பெறும் மருந்துக்கடையோ பெட்டியோ இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் மாத்திரைகளை அட்டையில் இருந்து எடுத்து, மண் அல்லது குடித்த காப்பித்தூள் போல யாரும் தொட விரும்பாத ஒன்றோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடச் சொல்கிறது எஃப்டிஏ. புற்றுநோய் மாத்திரையை அப்படிக் கையால் எடுத்துக் கலக்க வேண்டாம், தூள் உடம்பில் படக்கூடாது, கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம், மருத்துவமனையிடம் திருப்பிக் கொடுங்கள். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி ஒப்படையுங்கள். கழிப்பறையில் கொட்டுவது பொதுவாகக் கூடாது, நீர்நிலைக்குப் போகும். ஃபென்டனில், மார்ஃபின் போன்ற சிலவற்றுக்கு மட்டும், வேறு வழியே இல்லாதபோது கழிப்பறையில் விடலாம் என்று எஃப்டிஏ விதிவிலக்கு வைத்திருக்கிறது, ஏனென்றால் பயன்படுத்திய ஃபென்டனில் பட்டையில் மிஞ்சியிருப்பதே ஒரு குழந்தையைக் கொல்லப் போதும். உங்கள் நாட்டு விதி வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பணமாகக் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வசதி இல்லாத சர்க்கரை நோயாளிக்கும் ரத்த அழுத்த நோயாளிக்கும் தேவைப்படும் மெட்ஃபார்மின், அம்லோடிபைன் போன்றவை காப்புரிமை எப்போதோ முடிந்த மருந்துகள். ஒரு மருத்துவமனை மொத்தமாக வாங்கும்போது அவற்றின் விலை நீங்கள் கடையில் கொடுத்ததில் சிறு பகுதிதான். உங்கள் பெட்டியைப் பிரித்து அழிக்க அவர்கள் செலவழிப்பதை விடக் குறைந்த தொகையை நீங்கள் கொடுத்தாலும், அதில் ஒரு நோயாளிக்குப் பல மாதம் ஓடும். பெட்டியில் நீங்கள் போட்ட பணம் வீணாகிறதே என்றால், ஆமாம், அதில் பெரும்பகுதி வீண்தான், அதை நான் மழுப்பப் போவதில்லை. வீட்டில் இன்னொருவர் நீண்ட நாள் மருந்தில் இருந்தால், அளவை மாற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்காமல் இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள், பிரிக்காததைத் திரும்ப எடுப்பீர்களா என்று கடையில் வாங்கும்போதே கேட்டு பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வலிக்காக வாங்கியவற்றை, மாத்திரை, பட்டை, ஊசி எதுவானாலும், முதலில் தனியே எடுத்து எண்ணி எழுதிப் பூட்டி வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகளும் வந்துபோகும் உறவினர்களும் இருக்கும் இந்த நாட்களில் அவைதான் வெளியே கிடக்கக் கூடாதவை. மற்ற மாத்திரைகளின் பட்டியலை இரண்டு நாள் கழித்துப் போட்டாலும் பரவாயில்லை.